மீன் வயிற்றில் யாருடைய சட்டை?

ஒரு மீனின் குடலில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பது, கேட்பதற்கு எளிய வேலை. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் போட வேண்டும். பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றி மிதமான சூட்டில் ஓரிரு நாள் விட்டால் சதையெல்லாம் கரைந்து பழுப்பு நீராகிவிடும். அதை வடிகட்டி, வடிதாளை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால், காரத்தால் கரைக்க முடியாதவை மட்டும் மிஞ்சியிருக்கும்: மணல், சிப்பித் துணுக்கு, பிளாஸ்டிக். பல சமயம் அங்கே முதலில் கண்ணில் படுவது ஒரு நீல நூல். நீளம் இரண்டு மில்லிமீட்டர் இருக்கலாம். தடிமன் தலைமுடியில் கால்வாசிகூட இருக்காது. அந்த நூல் கடலில் மீன் விழுங்கியதா, அல்லது குடுவையின் மூடியைத் திறந்த அரை நிமிடத்தில், குனிந்து பார்த்தவரின் சட்டைக் கையிலிருந்து உதிர்ந்ததா? நூலைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. இரண்டும் பாலியஸ்டர்; இரண்டும் நீலம்.

ஆய்வகம் என்றால் சுத்தமான இடம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். காலையில் ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க வேண்டியதில்லை. அந்தத் தூசியில் கணிசமான பங்கு துணி. பாரிஸில் குடியிருப்பு அறைகளையும் ஓர் அலுவலக அறையையும் அளந்து 2017இல் வெளியான ஆய்வு, ஒரு கன மீட்டர் உள்காற்றில் 1 முதல் 60 இழைகள் வரை எண்ணியது. வெளிக்காற்றில் அது 0.3 முதல் 1.5 வரைதான். அறைக்குள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளில் 1,586 முதல் 11,130 இழைகள் படிந்தன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு பருத்தி போன்ற இயற்கை இழை, மீதியில் பெட்ரோலியத்திலிருந்து வந்த பொருள் இருந்தது. இதே வீதத்தில், பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணாடித் தட்டை எட்டு மணி நேரம் திறந்து வைத்தால் நாலு முதல் முப்பது இழைகள் வரை அதில் விழும். கணக்கு என்னுடையது, ஆனால் பெருக்கல் வகுத்தலுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மீன்களுக்குத் திரும்புவோம். ஆங்கிலக் கால்வாயில் பிடிக்கப்பட்ட 504 மீன்களை ஆராய்ந்த, இங்கிலாந்தின் பிளிமத் நகர ஆய்வாளர்களின் கட்டுரை 2013இல் வந்தது. இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று. 36.5 சதவீத மீன்களில் பிளாஸ்டிக் இருந்தது, மொத்தம் 351 துண்டுகள், பெரும்பாலும் இழைகள். கண்ணை மட்டும் நம்பாமல் அகச்சிவப்பு நிறமாலையும் எடுத்துப் பார்த்தார்கள். துண்டுகளில் 57.8 சதவீதம் ரேயான், 35.6 சதவீதம் நைலான் வகை. பிளாஸ்டிக் இருந்த ஒரு மீனுக்குச் சராசரி 1.9 துண்டு. அதே ஆண்டில் வட கடலின் 1,203 மீன்களை ஆராய்ந்த டச்சுக் குழு 2.6 சதவீத மீன்களில்தான் பிளாஸ்டிக் இருந்ததாகச் சொன்னது. இழைகளை, காற்றிலிருந்து விழுந்தவையாக இருக்கலாம் என்று அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. 2017இல் இன்னொரு டச்சுக் குழு வட கடலின் 400 மீன்களை மிகக் கடுமையான தூய்மை விதிகளோடு ஆராய்ந்தது. நானூறில் ஒரே ஒரு மீனில், இரண்டு துகள்கள். அதாவது 0.25 சதவீதம். கடல் வேறு, மீன் இனங்கள் வேறு, முறைகள் வேறு, ஆகவே 36.5ஐயும் 0.25ஐயும் பக்கத்தில் வைத்து, முன்னதெல்லாம் ஆய்வகத் தூசி என்று முடிவு கட்டுவது தவறு. ஆனால் மீனுக்கு இரண்டு துண்டு தேடும் வேலையில், அஜாக்கிரதையான ஓர் அறை தட்டுக்கு நாலு முதல் முப்பது வரை தானாகவே போடக்கூடும் என்றால், கடலைப் பற்றிய எந்த எண்ணையும் அந்த அறையைப் பற்றிய எண் இல்லாமல் படிக்க முடியாது என்பது தெளிவு. என் வாதம் இதுதான்.

அறையைப் பற்றிய அந்த எண்ணைத் தருவது வெற்று மாதிரி. மீனே இல்லாத ஒரு குடுவை, மீன் குடுவையோடு கூடவே எல்லாப் படிகளையும் கடக்கும். அதே கரைசல், அதே வடிகட்டல், அதே நுண்ணோக்கி, அதே கை. கடைசியில் அதில் எத்தனை இழை இருக்கிறதோ அத்தனையும் ஆய்வகத்தின் சொந்தச் சரக்கு. நுண்ணோக்கியின் பக்கத்தில் ஈரமான வடிதாள் வைத்த தட்டு ஒன்றைத் திறந்து வைப்பதும் உண்டு. எண்ணும் நேரத்தில் காற்று போடுவது எவ்வளவு என்பதை அது சொல்லும். இவ்வளவு எளிய காரியம் எல்லோரும் செய்திருப்பார்கள் என்று தோன்றும். உயிரினங்களில் மைக்ரோபிளாஸ்டிக், அதாவது பிளாஸ்டிக் நுண்துகள், தேடிய 35 ஆய்வுகளைப் பத்து அளவுகோல்களில் மதிப்பிட்ட ஒரு விமர்சனக் கட்டுரை 2018இல் வெளியானது. முழு மதிப்பெண் 20. சராசரி கிடைத்தது 8. ஜெர்மனியில் ஒரு கடல்சார் வேதியியலாளரின் குழு 24 பீர் வகைகளை ஆராய்ந்து, எல்லாவற்றிலும் இழையும் துகளும் இருப்பதாக 2014இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே வேறொரு குழு, இது ஆய்வகக் கலப்படம்தானோ என்று தலைப்பிலேயே கேட்டுக் கட்டுரை எழுதியது. முதல் செய்தி உலகம் முழுக்கப் போனது. இரண்டாவது எத்தனை பேர் காதில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

இப்படிப் பேசுவது பிளாஸ்டிக் கம்பெனிகளுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பதாகாதா என்று சூழல் ஆர்வலர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். அறிவியலின் சந்தேகத்தைக் காசாக்கத் தெரிந்த தொழில்கள் பல உண்டு, புகையிலையே சாட்சி. ஆனால் இந்தப் பயத்துக்கு அடியில் ஒரு தப்பான அனுமானம் இருக்கிறது: ஆய்வகக் கலப்படம் மாசின் அளவை எப்போதும் மிகைப்படுத்தியே காட்டும், அதைக் களைந்தால் மாசு சிறுத்துவிடும் என்பது. உண்மையில் கலப்படம் மாசை மறைக்கவும் செய்யும். இதற்கு ஊகம் தேவையில்லை. ஈயத்தின் வரலாறு இருக்கிறது.

பூமியின் வயதை 455 கோடி ஆண்டு என்று 1956இல் கணித்துச் சொன்னவர் அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன். விண்கல்லில் உள்ள ஈயத்தை அளப்பதே அவருடைய வழி. ஆனால் அளக்கும்போதெல்லாம் இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக ஈயம் வந்து நின்றது. காற்று, குழாய், கண்ணாடிப் பாத்திரம், ஆய்வாளரின் தலைமுடி எல்லாம் ஈயத்தைக் கொண்டுவந்தன. அதைத் துரத்துவதற்காகக் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அவர் அமைத்த தூய ஆய்வகம், இன்றைய தூய அறைகளின் முன்னோடிகளில் ஒன்று. அங்கிருந்து கடலுக்கும் போனார். 1980இல் சக ஆய்வாளர் டொரத்தி செட்டிலும் அவரும் சயின்ஸ் இதழில் சூரை மீனைப் பற்றி எழுதினார்கள். அதுவரை ஓர் அரசு ஆய்வகம், புதிய சூரையின் சதையில் ஒரு கிராமுக்கு 400 நானோகிராம் ஈயம் இருப்பதாக அளந்து வைத்திருந்தது. தூய ஆய்வகத்தில் அளந்தபோது அது 0.3 நானோகிராம். ஈயப் பற்றாசு வைத்த டப்பாவில் அடைத்த சூரையிலோ 1,400. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள். பழைய அளவை நம்பினால், டப்பாவில் அடைப்பதால் ஈயம் மூன்றரை மடங்கு கூடுகிறது, அவ்வளவுதான். யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. சரியான அளவை வைத்துப் பார்த்தால் நாலாயிரம் மடங்குக்கும் மேல். டப்பாவில் வந்த ஈயம் பல பத்தாண்டுகளாகக் கண்டுபிடிக்கப்படாமல் போனதற்கு அளவீட்டுப் பிழையே காரணம் என்று அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். மீனில் ஈயம் குறைவு என்று நிரூபித்ததால் ஈயத் தொழிலுக்கு ஒரு லாபமும் கிடைக்கவில்லை. மாசு எங்கே நுழைகிறது என்பதுதான் அம்பலமானது. பெட்ரோலில் ஈயம் கலப்பதற்கு எதிரான வாதத்தில் பேட்டர்சனின் அளவீடுகளுக்கு இருந்த பலமும் இதே தூய்மையிலிருந்து வந்ததுதான்.

இழைகளிலும் இதுவே நடக்கும். கழிவுநீர்க் குழாய் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்த மீனையும், முப்பது கிலோமீட்டர் தள்ளிப் பிடித்த மீனையும் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் முதல் மீனில் மூன்று இழை, இரண்டாவதில் ஒன்று. ஆய்வகக் காற்று இரண்டிலும் ஆளுக்குப் பத்து போட்டால் பதின்மூன்றும் பதினொன்றுமாகத் தெரியும். வித்தியாசம் இல்லை, குழாய் நிரபராதி என்று அறிக்கை எழுதிவிடலாம். கம்பெனிக்கு உண்மையில் வசதியானது இந்த அழுக்கான ஆய்வகம்தான்.

சரி, அந்தப் பத்தைக் கழித்துவிட்டால் போயிற்று என்பார்கள் புள்ளிவிவரம் தெரிந்தவர்கள். வெற்று மாதிரி எப்போதும் பத்தே காட்டினால் கழிக்கலாம். அப்படிக் காட்டுவதில்லை. ஒரு நாள் மூன்று, மறுநாள் இருபத்தைந்து. யார் எந்தச் சட்டை போட்டு வந்தார், கதவு எத்தனை முறை திறந்தது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். குடிநீரில் மைக்ரோபிளாஸ்டிக்கை அளக்க அரசே ஒரு முறையை வகுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தபோது, ஆறு நாடுகளின் 22 ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரிகளை அனுப்பிச் சோதித்தார்கள். எண்ணிப் போட்ட துகள்களோடு ஒரு வெற்று மாதிரியும் போனது. அதில் ஆய்வகங்கள் கண்ட துகள்களின் சராசரி 91. திட்ட விலக்கம் 141. சராசரியைவிட அதன் அலைவு பெரியது. 91ஐக் கழிப்பதால் ஓர் ஆய்வகத்தின் எண் நேராகாது. சிலருக்குப் போதாது, சிலருக்கு எதிர்மறை எண் வரும். அலைவையும் சேர்த்து ஒரு கீழ் எல்லை வகுத்து, அதற்குக் குறைந்த எதையும் கண்டதாகச் சொல்லக் கூடாது என்பது வேதியியலில் மற்ற துறைகளில் பழகிப்போன ஒழுங்கு. மைக்ரோபிளாஸ்டிக் துறையில் அது இன்னும் முழுதாக வேரூன்றவில்லை. நியாயமாகச் சொன்னால், அதே சோதனையில் 20 மைக்ரானுக்குப் பெரிய துகள்களில் சராசரியாக 92 சதவீதத்தை ஆய்வகங்கள் கண்டெடுத்துவிட்டன. இருப்பதை அவர்களால் பார்க்க முடிகிறது. இல்லாததைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

அலைவு இவ்வளவு இருந்தால் இழைகளையே விட்டுவிடலாமே என்று சிலர் நினைத்தார்கள். மேலே சொன்ன முதல் டச்சுக் குழு அப்படித்தான் செய்தது. 2013இல், வேறு வழி இல்லாதபோது அது நேர்மையான முடிவு. ஆனால் நிரந்தர வழியாக அதை ஏற்க முடியாது. ஒரு நடை துவைப்பில், ஆறு கிலோ அக்ரிலிக் துணி ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளை உதிர்க்கக்கூடும் என்று 2016இல் பிளிமத்தில் கணித்தார்கள். அவ்வளவும் சாக்கடை வழியாகப் போகிறது. சுத்திகரிப்பு நிலையம் பெரும்பகுதியைப் பிடித்தாலும் மிச்சம் கடலுக்கு. பிரதான சந்தேக நபரை, ஆள் அடையாளம் குழப்பமாக இருக்கிறது என்று விசாரணைப் பட்டியலிலிருந்தே எடுப்பது விசாரணை ஆகாது. இழையை எண்ணவும் வேண்டும், அது எந்தப் பொருள் என்று பார்க்கவும் வேண்டும். அப்படிப் பார்த்ததில்தான் 2020இல் ஒரு பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. இத்தாலிய ஆய்வாளர் ஜூசெப்பே சுவாரியாவின் குழு, ஆறு கடற்படுகைகளில் எடுத்த 916 நீர் மாதிரிகளின் இழைகளிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரத்தைத் தேர்ந்து அவற்றின் வேதித்தன்மையைப் பார்த்தது. செயற்கை இழை 8.2 சதவீதம். பருத்தி முதலான செல்லுலோஸ் இழைகள் 79.5, கம்பளி போன்ற விலங்கு இழைகள் 12.3. கண்ணுக்கு நீலமாகவும் சிவப்பாகவும் தெரிகிற இழையெல்லாம் பிளாஸ்டிக் என்று எண்ணிய பழைய கணக்குகள் என்ன கதியாகும் என்று யோசித்துப் பாருங்கள். ரேயானும் மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ்தான்; அகச்சிவப்பு நிறமாலையில் அதற்கும் பருத்திக்கும் வித்தியாசம் காண்பது நிபுணர்களுக்கே தலைவலி. கடலில் மிதக்கும் பருத்தி இழையும் சாயமேறிய, ஆலையில் பதப்படுத்திய இழை என்பதால் அதைத் தீங்கற்றது என்று தள்ள முடியாது. ஆனால் அது வேறு பிரச்சினை. பெட்ரோலியத்தின் கணக்கில் அதை எழுதக் கூடாது.

இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் செலவாகுமே, ஏழை நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இந்தத் துறைக்கு வரவே முடியாதே என்பதுதான் எனக்கு மிகவும் உறைக்கிற ஆட்சேபம். கடல் மாசு கரை ஒதுங்குவது அந்த நாடுகளிலும்தான். தூய அறை கட்டினால்தான் கட்டுரை ஏற்போம் என்று இதழ்கள் சொன்னால், தூத்துக்குடிக் கடலைப் பற்றியும் ஹாம்பர்க்கில்தான் எழுத வேண்டியிருக்கும். ஆனால் பெரும்பகுதி ஆதாயம் மலிவான படிகளில்தான் இருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லூசி உடாலும் தடயவியல் இழை நிபுணர்களும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், கொலை நடந்த இடத்தில் நூல் சேகரிப்பவர்கள் கடைப்பிடிக்கும் எளிய ஒழுங்குகளைக் கடல்படிவு ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். கலப்படம் 90 சதவீதம் வரை குறைந்தது. எல்லாப் பாத்திரத்தையும் அலுமினியத் தாளால் மூடுவது, ஊற்றும் ஒவ்வொரு நீரையும் கரைசலையும் முதலில் வடிகட்டிக்கொள்வது, மேசையை ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுப்பது, அறையில் நடமாட்டத்தைக் குறைப்பது, மீனில் யாருமே எதிர்பார்க்காத பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பருத்தி மேலங்கி போட்டுக்கொள்வது ஆகியவற்றுக்கெல்லாம் பெரிய மானியம் தேவையில்லை. ஆரஞ்சு நூல் தட்டில் தெரிந்தால் அது யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். அங்கே இருக்கிறவர்கள் என்னென்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு துணியிலிருந்தும் ஒரு நூல் எடுத்து ஒட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நம் ஊர் ஆய்வகத்தில் இதோடு ஒன்று கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும்: தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் அது செலவில்லாத காரியம்தான், ஆனால் சுலபமான காரியம் இல்லை.

கவனம் ஒரே திசையில் போனால் வேறு வழியில் வழுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சுத்தத்துக்காகப் போட்டுக்கொள்ளும் கையுறையே சிக்கலாகிவிட்ட கதை உண்டு: கையுறையிலிருந்து கசியும் ஸ்டியரேட் எச்சம் நிறமாலையில் பாலிஎத்திலீன் போலத் தெரிந்து பொய்யாகப் பிளாஸ்டிக் காட்டும் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். குறைத்துக் காட்டும் பிழைகளும் உண்டு. சதையைக் கரைக்கக் காரத்துக்குப் பதிலாக நைட்ரிக் அமிலம் ஊற்றிய பழைய ஆய்வுகளில், சதையோடு நைலானும் கரைந்து போனது. கடல் மேற்பரப்பில் இழுக்கும் வலையின் கண் வழக்கமாக மூன்றில் ஒரு மில்லிமீட்டர். இருபது மைக்ரான் தடிமனுள்ள இழை தலை நுழைந்தால் வால் வரை நழுவிவிடும். ஆகவே கடலில் இழை கூடுதலா குறைவா என்ற பந்தயத்தில் நான் யார் பக்கமும் பணம் கட்ட மாட்டேன். கூடுதலாக எண்ண வைக்கும் பிழையும் குறைத்து எண்ண வைக்கும் பிழையும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

கடைசியாக ஒரு ஆட்சேபம், கொஞ்சம் தத்துவ வாடை அடிப்பது: ஆய்வகத்துக் காற்றிலேயே இவ்வளவு செயற்கை இழை இருக்கிறதென்றால் அதுவும் மாசுதானே, எதற்குக் கழிக்க வேண்டும்? கழித்ததைத் தூக்கி எறிய வேண்டாம், தனியே எழுதி வையுங்கள் என்பது என் பதில். எடின்பரோவில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகக் குழு 2018இல் இதைத்தான் செய்தது. ஸ்காட்லாந்துக் கரையின் மட்டிகளில் உள்ள மைக்ரோபிளாஸ்டிக்கை எண்ணியதோடு, வீட்டில் சாப்பிடும் நேரத்தில் தட்டில் எவ்வளவு இழை விழுகிறது என்பதையும் அளந்தார்கள். பிரிட்டனில் ஒருவர் மட்டி தின்பதால் ஆண்டுக்கு உட்கொள்வது 123 துகள் என்றும், உண்ணும்போது தூசியாகத் தட்டில் விழுந்து உள்ளே போவது 13,731 முதல் 68,415 வரை என்றும் கணக்கு வந்தது. மற்றவர்கள் கழித்துவிட்டு மறந்த வெற்றுத் தட்டு இங்கே செய்தியாகிவிட்டது. மட்டியைப் பார்த்துப் பயந்தவர்கள் நாற்காலி உறையைப் பார்த்திருக்க வேண்டும்.

இதிலிருந்து கொள்கைக்கும் ஒரு கேள்வி கிளம்புகிறது. சலவை இயந்திரங்களில் இழை வடிகட்டி இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2020இல் சட்டம் இயற்றியது. கடலுக்குப் போகும் இழை துவைப்பு நீரில் போகிறது என்ற அறிவின் பேரில் அது சரியான சட்டம். அதே ஆண்டில் இத்தாலியிலும் பிளிமத்திலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து, பாலியஸ்டர் உடைகளைத் துவைப்பதால் ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 கோடி இழைகளை நீரில் விடுகிறார் என்றும், அவற்றை வெறுமனே உடுத்தியிருப்பதால் 100 கோடிக்கும் மேல் காற்றில் விடுகிறார் என்றும் மதிப்பிட்டார்கள். காற்றில் போனவற்றில் ஒரு பங்கு மழையோடும் காற்றோடும் கடலுக்குத்தான் போய்ச் சேர்கிறது. எவ்வளவு பங்கு என்று அளக்க, நடுக்கடலில் கப்பலின் மேல்தளத்தில் விழுதட்டு வைக்க வேண்டும். அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் மாலுமிகள் நடமாடிக்கொண்டிருப்பார்கள், பாலியஸ்டர் ஜாக்கெட்டுகளோடு. ஆகவே அங்கேயும் இன்னொரு தட்டு, மூடியபடி, கூடவே போக வேண்டியிருக்கிறது.